மறுபக்கம்

கம்பம் ஊரில் ஒரு லாரி ஷெட்டில் எனக்கு எழுத்து வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். முதலாளி புதிதாக வாங்கிய டீசல் லாரி, அரிசி மூட்டைகளோடு குமுளி மலை ஏறத் திணறியது.

"ஏலே, பின்னால மாட்டுவண்டி வழி கேக்குதுடா!" என்று மற்ற டிரைவர்கள் கேலி செய்தார்கள்.

எங்கள் டிரைவர் அண்ணன் லாரியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை என்னிடம் நீட்டினார். பம்பில் இருக்கும் திருகைத் திருப்பினால் டீசல் கூடுதலாகப் பாயும், இழுவை கூடும் என்று வாசித்துச் சொன்னேன். திருப்பினார். லாரி கரும்புகையைக் கக்கிக்கொண்டு மலை ஏறியது.

"படிச்ச புள்ளன்னா இதுதான்!" என்று முதுகில் தட்டினார்.

மறுநாள்தான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். கரும்புகை வந்தால் திருகை உடனே பழையபடி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் கெடும் என்றிருந்தது. அரைகுறையாக வாசித்தேன் என்று சொல்ல வெட்கம். நாளைக்குச் சொல்லலாம் என்றே ஒரு மாதம் ஓடிவிட்டது.

பிஸ்டன் உருகி லாரி பாதி மலையில் நின்றது.

"பம்பைத் திருகச் சொன்னது ஆரு?" என்றார் முதலாளி.

"நானாத்தான் திருகுனேன், மொதலாளி" என்றார் அண்ணன்.

அன்றோடு அண்ணனுக்கு வேலை போயிற்று. வாசலில் என்னைத் தேற்றினார். "புத்தகத்துல தப்பாப் போட்டிருக்காக போல, தம்பி. நீ வெசனப்படாத."

அப்போதும் நான் அந்த மறுபக்கத்தைப் பற்றிச் சொல்லவில்லை.