உட்கார்ந்து எடுத்த அளவு

1. அடையாறு பாலத்தை விட்டு இறங்கும் இடத்தில், லாரியிலிருந்து சிந்திய மணல் கிடந்தது.

2. அதைப் பார்த்தேன். பார்த்த பிறகும் முன் பிரேக்கைப் பிடித்தேன்.

3. பைக் இடப்பக்கம் படுத்தது. நானும் கூடவே படுத்து, சற்றுத் தூரம் தேய்ந்துகொண்டே போனேன்.

4. தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஹெல்மெட் போட்டிருந்தேன். இடது முழங்கை, இடது முழங்கால், இடுப்பின் பக்கவாட்டு ஆகியவற்றில் தோல் உரிந்தது.

5. இளநீர்க்காரர் ஓடிவந்து முதலில் பைக்கைத் தூக்கினார், அப்புறம் என்னை. "பெட்ரோல் ஒழுவுதும்மா, அதான்" என்றார்.

6. வீட்டில் அம்மா கிழிந்த சல்வாரைப் பார்த்தார், முழங்காலைப் பார்த்தார். சாவியை வாங்கிச் சாமி அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்.

மற்றவை ஆறிவிடும். ஆறாவதுதான் பிரச்சினை. அந்த அலமாரியிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் அம்மாவைக் கேட்காமல் எதையும் எடுக்க முடியாது.

அப்பா மாற்றலாகித் திருச்சிக்குப் போனபோது விட்டுச் சென்ற பைக் அது. தரமணியில் பிளாஸ்டிக் சோதனைக்கூடம் ஒன்றில் எனக்கு வேலை. காலையில் எல்லோருக்கும் முன்னால் போய்க் கதவைத் திறந்து, மின்சூளைகளைப் போட்டு, அவை சூடேறும்வரை தனியாக இருக்கும் பொறுப்பு என்னுடையது. அந்த ஒரு மணி நேரம் எனக்கு மிகவும் பிடிக்கும். மயிலாப்பூர் வீட்டிலிருந்து பஸ் மாறிப் போனால் அந்த நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. பொறுப்பு வேறொருவருக்குப் போய்விடும்.

"பஸ்ஸெல்லாம் எதுக்கு ஓடறது? ஊர்ல இருக்கறவா அதுலதானே போறா" என்றார் அம்மா.

"நான் ஹெல்மெட் போட்டுண்டுதானேம்மா போனேன்."

"தலையை மட்டும்தான் நான் பெத்தேனா?"

அம்மா சொன்னதில் ஒரு வழி இருந்தது. மற்ற இடங்களுக்கும் ஹெல்மெட் மாதிரி ஏதாவது வேண்டும். அதைக் காட்டினால் சாவியைத் தருவாயா என்று கேட்டேன். "மொதல்ல காட்டு" என்றார்.

அப்போது சென்னையில் பைக் ஓட்டுவதற்கான உடை என்று கேட்டால் ரெயின்கோட்டை எடுத்துக் காட்டுவார்கள். விளையாட்டுச் சாமான் கடையில் கிரிக்கெட் ஆடுபவர்களின் முழங்கைக் காப்பு கிடைத்தது. கட்டிக்கொண்டால் கை மடங்கவில்லை. ஸ்கேட்டிங் போகிறவர்களின் முட்டிப் பட்டைகள் மடங்கின. ஆனால் எலாஸ்டிக் இறுக்கியதில் வெயிலில் வேர்க்குரு கிளம்பியது. அரிக்கிற காப்பை மனிதர்கள் ஒரு வாரத்தில் கழற்றிப் போட்டுவிடுவார்கள். கழற்றிப் போட்ட காப்பு யாரையும் காப்பதில்லை.

ஆகவே உள்ளே வைக்கும் பட்டைகளை நானே தேர்ந்தெடுத்து, உடையைத் தைக்கக் கொடுக்க முடிவு செய்தேன். சோதனைக்கூடத்தில் மதிய இடைவேளைகளில் களிமண் தட்டின் மேல் ஒவ்வொரு பொருளாக வைத்து, குழாய் வழியே இரும்புக் குண்டைப் போட்டுப் பார்த்தேன். மெத்தைக் கடைப் பஞ்சு, விரலுக்கு எவ்வளவு மெத்தென்று இருந்ததோ அவ்வளவு ஆழமாகக் களிமண்ணில் குழி விழவிட்டது. தெர்மோகோல் முதல் குண்டைத் தாங்கியது, ஆனால் நசுங்கியது நசுங்கியதுதான். ரப்பர் செருப்பு செய்யும் அட்டையில் கெட்டியான ரகம் குண்டைத் தாங்கிவிட்டு, பழைய உருவத்துக்கும் திரும்பியது. அதில் காற்றுப் போக வரிசையாக ஓட்டை போட்டு, விளிம்பைச் சீவி, வெந்நீரில் காட்டி முட்டியின் வளைவுக்கு வளைத்தேன்.

பாண்டி பஜாரில் எனக்குச் சல்வார் தைக்கும் டெய்லரிடம் முரட்டு ஜீன்ஸ் துணியோடு போனேன்.

"இன்னாம்மா இது, செருப்பு அட்டைய கொண்டாந்து சட்டைக்குள்ள வெக்கச் சொல்ற?"

"விழுந்தா அடிபடாம இருக்கண்ணே."

"வுழாம ஓட்டேன்."

சொல்லிவிட்டு, எப்போதும்போல் என்னை நிற்கவைத்துக் கையைத் தொங்கப்போடச் சொல்லி அளவெடுத்தார். நானும் எப்போதும்போல் நின்றேன். தைத்து வந்ததும் கண்ணாடி முன் போட்டுப் பார்த்தேன். முட்டியில் முட்டிப் பட்டை, முழங்கையில் முழங்கைப் பட்டை. எல்லாம் சரியாக இருந்தது.

மறுநாள் காலை அம்மா வாசலில் கோலத்தை முடித்து எழுந்தபோது அதைப் போட்டுக்கொண்டு போய் நின்றேன்.

"பொண் பாக்க வரவா முன்னாடி இதோட வந்து நிக்காதே. எங்க, வண்டில ஒக்காரு பாப்போம்."

சாவி இல்லாத பைக்கில் ஏறி, ஹாண்டில்பாரைப் பிடித்தேன். அம்மா கோலப்பொடி விரல்களால் என் முழங்கையை அழுத்தினார். "இங்க என்ன இருக்கு?"

"பட்டை."

"வெறுந்துணின்னா இருக்கு!"

கையை நீட்டியதும் சட்டைக்கை மேலேறி, பட்டை புஜத்துக்குப் போயிருந்தது. காலை மடக்கியதில் முட்டிப் பட்டை தொடையில் இருந்தது. ஆறிக்கொண்டிருந்த புண்ணின் மேல் துணி மட்டும் இருந்ததால் அம்மா தொட்டதும் வலித்தது. அம்மா சிரித்தார். "புண் கீழாத்துல இருக்கு, உன் பட்டை மாடிக்குக் குடி போயிடுத்து."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை சோதனை செய்தவளுக்கு உட்கார்ந்து பார்க்கத் தோன்றவில்லை. முடிந்தது, இனி பஸ்தான் என்று நினைத்தபடி இறங்கப் போனேன்.

"அசையாதே" என்றார் அம்மா. கோலமாவுக் கிண்ணத்தில் கட்டைவிரலைத் தோய்த்து, முழங்கைகள் இரண்டிலும் முட்டிகள் இரண்டிலும் துணியின் மேல் அழுத்தி வெள்ளை வட்டம் வைத்தார். "இதுக்கு மேல நேரா வெக்கச் சொல்லு. அழிச்சுண்டு வந்துடாதே."

அந்த வட்டங்களோடு பஸ்ஸில் பாண்டி பஜார் போனேன். டெய்லர் தலையில் கை வைத்துக்கொண்டார். "குந்திகினு அளவு குட்த்தா நிக்கசொல்லோ தொங்கும்மா. பாக்க நல்லா இருக்காது. அப்பால என் பேரு கெட்டுப்பூடும்."

"நின்னுக்கிட்டு நான் விழப்போறதில்லண்ணே."

அவர் தன் முக்காலியைத் தள்ளி, அதில் என்னை உட்காரவைத்து, கற்பனை ஹாண்டில்பாரைப் பிடிக்கச் சொல்லி மறுபடி அளவெடுத்தார். பஜாரில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். "வண்டி எந்த ஊர் போவுது?" என்று ஒருவர் கேட்டார். டெய்லர் வாயில் குண்டூசியோடு, "நீ ஏறலியா?" என்றார்.

திருத்தித் தைத்து வந்ததும், இரண்டாம் முறை அம்மா பைக்கைச் சுற்றி வந்து நான்கு இடத்திலும் அழுத்தினார். முழங்கையில் விரலால் தட்டியும் பார்த்தார். உள்ளே போய்க் கைகாலை அலம்பி, அலமாரியைத் திறந்து சாவியை எடுத்து வந்தார். சந்தனம் ஒட்டியிருந்தது. "முக்குக் கடைக்குக் கறிவேப்பிலை வாங்கப் போனாலும் இதைப் போட்டுண்டுதான் போகணும்" என்று சொல்லித் தந்தார்.

இப்போது சாவி வாசலறை ஆணியில் தொங்குகிறது, சட்டையும் பேண்டும் அடுத்த ஆணியில். நின்றால் முட்டிப் பட்டை தொங்குகிறது, பார்க்க நன்றாக இல்லை. சோதனைக்கூடத்தைக் காலையில் நான்தான் திறக்கிறேன். இடுப்புக்கு மட்டும், அங்கே ஸ்டூலில் உட்காரும்போது குத்தாத பட்டை இன்னும் கிடைக்கவில்லை. அந்த இடம் துணியோடுதான் இருக்கிறது. அம்மாவுக்கும் அது தெரியும்.