எத்தனை கை அக்கா

என் அக்காவுக்குக் கடைத்தெருவில் வேறு பெயரே கிடையாது, ‘எத்தனை கை அக்கா’தான். கடைகளுக்குக் கணக்கு சாப்ட்வேர் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது அவள் தொழில். யார் கூப்பிட்டாலும் முதல் கேள்வி, “உங்க கடையில எத்தனை கை பில் போடுது?” வியாபாரம் எவ்வளவு, கடை எவ்வளவு பெரிசு என்பதெல்லாம் அப்புறம்தான். தனியாளாகத் தைக்கும் தையல்காரர் ஒருவர் தொழிற்சாலைக்கான சாப்ட்வேரை வாங்கப் பார்த்தார். “ஒரே கைக்கு எதுக்குண்ணே பத்து கடிகாரம்?” என்று சொல்லி, போனிலேயே ஓடும் சின்னதைப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அப்படிப்பட்டவளை நானே என் மாமனார் கடைக்குக் கூட்டிப் போனேன். வம்பை விலை கொடுத்து வாங்குவது என்றால் இதுதான்.

மாமனார் குழாய்ச் சாமான் மொத்த வியாபாரி. இரண்டு கடை, ஒரு கிடங்கு. இரண்டாவது கடையில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் பில் போடும் பாஸ்வேர்ட் அவள் அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். அவள் போனில் சாமானை ஒப்பிக்க, அவர் பெரிய கடையில் தட்டி பில் அனுப்புவார். அவர் சாப்பிடப் போனால் பில்லும் சாப்பிடப் போய்விடும். சிமெண்ட் கையோடு வந்த பிளம்பர்கள் நின்று பார்த்துவிட்டு எதிர்க்கடைக்கு நடையைக் கட்டுவார்கள். “இப்படியே போனா நான் வேற எங்கயாவது வேலைக்குப் போயிடுவேங்க” என்று சொல்லியிருந்தாள். சும்மா சொல்கிறவள் இல்லை. அந்தக் கடை என்றால் அவளுக்கு உயிர். அதனால்தான் அக்காவைக் கூப்பிட்டேன்.

மாமனாருக்கோ பெரிய சாப்ட்வேர் மேல் ஆசை. பக்கத்துக் கடைக்காரர் வாங்கிவிட்டாராம், கலர் கலராகப் படம் வருகிறதாம்.

அக்கா காலையிலிருந்து பெரிய கடையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். வாயே திறக்கவில்லை. எனக்கு அதுதான் பயம். சாயங்காலம் மாமனார், “என்னம்மா, இருக்கிறதுலேயே பெருசு எது? அதைச் சொல்லு” என்றார்.

“தையல்காரர் ஒருத்தருக்குப் போன்ல ஓடுற சின்னதைப் போட்டுக் குடுத்தேன். உங்களுக்கும் அதுவே போதும் மாமா.”

மாமனார் என் பக்கம் திரும்பினார்.

“என்ன மாப்ளே, உங்க அக்கா விளையாடுறாங்களா? லாரி லாரியா சரக்கு இறங்குது, எனக்குப் போன்ல ஓடுறதா?”

“சரக்கு லாரியில வருது மாமா, பில் போடுறது ஒரே கைதானே? பெருசு வாங்கினா பத்து பாஸ்வேர்ட் தருவாங்க. பத்தையும் நீங்களே வெச்சுக்குவீங்க. காசுக்குப் பிடிச்ச கேடு.”

“கண்டவங்க கையிலயும் குடுக்க முடியுமா?”

என் வாய் சும்மா இருக்குமா? “கண்டவங்களா? உங்க பொண்ணு மாமா அவ!” என்று கத்தியே விட்டேன். அக்கா என்னை ஒரு முறை முறைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

“நடுத்தரமா ஒண்ணு இருக்கு மாமா. ரெண்டாவது கடை பில், தள்ளுபடி எல்லாம் உங்க பொண்ணு பொறுப்பு. நீங்க இங்கிருந்தே பார்க்கலாம். ஆனா அவங்க சரின்னு சொல்லாம அதுல கைவைக்க முடியாது. அதுக்குச் சம்மதம்னா வாங்குங்க. இல்லேன்னா போன்ல ஓடுறதே போதும்.”

மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி துடைத்தார். “போன்ல கணக்குப் பார்க்கிறேன்னு சொன்னா நாலு பேர் சிரிப்பாங்க. அந்த நடுத்தரத்தையே போடு” என்றார். கௌரவம் செய்த வேலை! எது செய்தால் என்ன, எனக்கு அக்காவைத் தூக்கிச் சுற்ற வேண்டும்போல இருந்தது.

சில நாள் கழித்து, மாமனாரின் பழைய சிநேகிதர் வால்வு வாங்க இரண்டாவது கடைக்குப் போனார். நான் பெரிய கடையில் மாமனார் பக்கத்தில் இருந்தேன். அவர் அங்கிருந்தே அந்தப் பில்லில் பத்து சதவீதம் தள்ளுபடி தட்டினார். ‘கடைப் பொறுப்பாளர் அனுமதி தேவை’ என்று திரையில் வந்து நின்றது. அவர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் போனை எடுத்தார்.

“அம்மாடி, நம்ம ஆளு வந்திருக்கான். பத்து சதவீதத்துக்கு அனுமதி குடேன்.”

“அந்த வால்வுல பத்து குடுத்தா நமக்கு லாபம் ஒண்ணும் நிக்காதுப்பா. கம்பெனிக்காரன் நேத்துதானே விலையை ஏத்தினான்? அஞ்சு தரேன்.”

மாமனார் போனை வைத்தார். திரையில் பத்தை அழித்துவிட்டு ஐந்து என்று தட்டினார்.

“அஞ்சுதானாம் மாப்ளே” என்றார். “நானா இருந்தா பத்து குடுத்து ஏமாந்திருப்பேன்.”