சிவப்பு பிரேக்கும் வேதாவின் இடுப்பும்

தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் இடையே மின்ரயில் ஓட்டிய அனந்தகிருஷ்ணன் வண்டியை நிறுத்தினால், நின்றபடி தூங்குகிறவர்கள் விழிக்கமாட்டார்கள். அவர்கள் கனவில் ஓடும் ஆறுகூடத் தளும்பாது. இது கொஞ்சம் மிகைதான். ஆறு தளும்பும், ஒருவர் இருவர் கண்ணைத் திறந்து, “இன்னா ஸ்டேஷன்ப்பா?” என்று கேட்டுவிட்டு மறுபடி மூடிக்கொள்வார்கள். மற்றபடி உண்மை.

அந்த முன்கூண்டில் அவர் தனியாக உட்கார்ந்து பார்த்தவை ஏராளம். குரோம்பேட்டையை மழை ஒரு பக்கமாக நனைத்துவிட்டு மறுபக்கத்தை மறந்துபோகும். விடியற்காலையில் தண்டவாளங்கள் உருகி ஓடுகிற மாதிரி இருக்கும். அப்போதெல்லாம் பக்கத்தில் வேதா இருந்தால் தேவலை என்று தோன்றும். கூண்டில் மனைவிக்கு இடம் ஏது? ஓய்வு பெற்றதும் ஒரு கார் வாங்கி, அவளைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டு போகவேண்டும் என்று நினைத்திருந்தார்.

அதற்குள் வேதாவின் முதுகெலும்பில் ஒரு வட்டு பிதுங்கிவிட்டது. ஷேர் ஆட்டோ ஒரு குழியில் இறங்கினால் அவளுக்கு ஒரு வாரம் படுக்கை. மொட்டைமாடியிலிருந்து தெரிகிற திருநீர்மலைக் கோயிலை, துணி உலர்த்தும்போது பார்த்துக் கும்பிடுவதோடு சரி.

ஓய்வு பெற்றதும் இருவரும் போன கார் ஷோரூமில் சத்யபிரியா என்ற விற்பனைப் பெண் ஒரே நிறத்தில் இரண்டு மின்சாரக் கார்களைக் காட்டினாள். ஒன்று சாதாரணம். மற்றதில் பெர்ஃபாமன்ஸ் பேக்கேஜ்.

“ஸ்பிரிங் நீளம் கம்மி சார், அதனால வண்டி தாழ்வா உட்காரும். ஷாக் அப்சார்பரும் கொஞ்சம் விறைப்பு. வளைவுல சாயவே சாயாது. பிரேக் தட்டும் பெரிசு.”

அனந்தகிருஷ்ணனின் காதில் பாதிதான் விழுந்தது. சக்கரத்தின் இடுக்கில், பிரேக் தட்டைக் கவ்விக்கொண்டு, செம்பருத்திச் சிவப்பில் பிரேக்கின் பிடி ஒன்று எட்டிப்பார்த்தது. அதற்குள் மனசு அங்கே போய் ஒட்டிக்கொண்டுவிட்டது.

“இதையே முதல்ல ஓட்டிப் பார்க்கலாம்” என்றார்.

வேதா முன்னால் உட்கார, சத்யபிரியா பின்னால் ஏறிக்கொண்டாள். பைபாஸில் சத்தமே இல்லை. சாலை தானாகச் சுருண்டு காருக்குள் போவதுபோல இருந்தது. இரண்டு பக்கமும் ஏரித் தண்ணீரும் அடுக்குமாடிகளும் யாரோ ஊதிவிட்ட புகையாக விலகின. வளைவில் கார் படகுபோலச் சாயவில்லை. கோடு போட்டதுபோல் திரும்பியது. வேதா புன்னகைத்தாள். இப்படியே எங்காவது போய்க்கொண்டே இருந்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியபோதுதான் ஒரு தண்ணீர் டேங்கர் குறுக்கே நுழைந்தது. மிதித்தார். யாரோ பெரிய உள்ளங்கையால் பிடித்து நிறுத்தியதுபோல் கார் நின்றது.

“பார்த்தியா பிரேக்கை!” என்றார்.

பைபாஸை விட்டு இறங்கி, குழாய்க்குத் தோண்டி அரைகுறையாக மூடிய முடிச்சூர் சாலைக்கு வந்தார்கள். அங்கே காரின் அந்த விறைப்பான ஸ்பிரிங்குகள் ஒவ்வொரு மேட்டையும் அப்படியே மேலே அனுப்பின. வேதாவின் கை கதவுக்கு மேலிருந்த பிடியைப் பற்றியது. விரல்கள் வெளுத்தன.

“எப்படி இருக்கு வேதா?”

“நல்லாத்தான் இருக்கு. உங்களுக்குப் பிடிச்சிருக்கே.”

அவர் அந்த விரல்களைப் பார்த்தார். பிறகு சத்யபிரியாவிடம் கெஞ்சினார். “பிரேக் இதுல இருந்தும், ஸ்பிரிங் அதுல இருந்தும் போட்டுத் தரமாட்டீங்களாம்மா?”

“ரெண்டும் சேர்த்துத்தான் பேக்கேஜ் சார். பிரிச்சுத் தரமாட்டாங்க.”

சரி, சாதாரணக் காரையும் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று ஏறினார். டேங்கர் இன்னும் கண்ணுக்குள் நின்றது. சின்ன பிரேக்கை நம்பலாமா? கேம்ப் ரோடு சிக்னல் தூரத்தில் சிவப்பானதுமே, பழைய பழக்கத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டார். ரயிலுக்கு அந்தத் தூரம் வேண்டும். காருக்கு வேண்டாமே! கோட்டுக்கு முன்னால் நாலு ரயில்பெட்டி நிற்கும் அளவுக்கு இடம் விட்டு, கார் பூப்போல நின்றுவிட்டது.

பின்னால் ஒரு ஆட்டோ அலறியது. “இன்னா சார், ரோடு இங்கியே முடிஞ்சுபோச்சா? எறங்கி நடக்கணுமா?”

சத்யபிரியாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “சார், நீங்க இன்னும் பிரேக்கையே தொடலை. காலை எடுத்ததும் மோட்டாரே இழுத்துப் பிடிச்சுக்கிச்சு.”

“டேங்கர் குறுக்க வந்தா?”

“இந்த பிரேக்கும் நிறுத்தும் சார். வேகமா போய்த் திரும்பத் திரும்ப மிதிக்கிறவங்களுக்குத்தான் அந்தச் சிவப்பு பிரேக். சூட்டைத் தாங்கும்.”

“இவரா வேகமா போறவர்?” என்றாள் வேதா. “இவர் ஸ்கூட்டர்ல நான் பின்னாடி உட்கார்ந்திருந்தப்போ, நடந்து போறவங்க எங்களைத் தாண்டிப்போய்த் திரும்பிப் பார்த்து, சௌக்கியமான்னு கேட்பாங்க.”

அவர் காரை அதே முடிச்சூர் சாலையில் திருப்பினார். கார் மெல்ல அமுங்கி எழுந்தது. வளைவில் கொஞ்சம் சாய்ந்தது. வேதாவின் கைகள் மடியில் கிடந்தன. இதுதான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டார். ஷோரூமில் இறங்கியதும், மற்ற காரின் செம்பருத்திச் சிவப்பை ஒருதரம் தடவிக்கொடுத்துவிட்டு வந்தார்.

கார் வந்த முதல் வெள்ளிக்கிழமை, பனி விலகாத காலையில் திருநீர்மலைக்குக் கிளம்பினார்கள். மலை தரையில் கால் பாவாமல் மிதந்தது. வேதா கண்ணாடியை இறக்கி முகத்தை வெளியே நீட்டிக்கொண்டாள். அவர் காலை எடுப்பதும் வைப்பதும் அவருக்கே தெரியவில்லை. அடிவாரக் குளத்தருகே கார் நின்றபோது, வேதா யார் கையையும் பிடிக்காமல் தானே இறங்கினாள்.

பூ விற்கும் ஜெயக்கொடி வாயைப் பிளந்தாள். “அக்கா! எம்மாம் நாளாச்சு! இடுப்பு தாங்குச்சா, ரோடெல்லாம் குண்டும் குழியுமாகீதே?”

அனந்தகிருஷ்ணன் முந்திக்கொண்டார். “வீட்டுலேருந்து இங்க வரைக்கும் இவளுக்கு ஒரு குழிகூடத் தெரியலைம்மா. அப்படி ஓட்டினேன்!”

“எல்லாக் குழியும் தெரிஞ்சுது” என்றாள் வேதா, துளசி மாலையை வாங்கிக்கொண்டே. “வலிக்கலை. அவ்வளவுதான்.”