பதியாத வேலை

போன செவ்வாய்க்கிழமை ஒரு நேர்முகப் பரீட்சையில் இருந்தேன். கேள்வி கேட்கிற பக்கத்தில்தான். ஆனாலும் அன்றைக்குத் தோற்றுப்போனது நான்.

நான் ஒரு ரயில் நிறுவனத்தின் யாழ்ப்பாணக் கந்தோரில், நிர்வாகப் பகுதியில் வேலை செய்கிறேன் என்பது இந்தப் பக்கத்தை வழக்கமாக வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். ஊர் நாரந்தனை. எங்கள் தீவுகளில் தண்டவாளமே கிடையாது. இருந்தும் அந்தக் கந்தோரில் தீவார் இரண்டு பேர் — நானும், ஊர்காவற்றுறை றெஜினாவும். அவர் கம்ப்யூட்டர் சப்போர்ட்டில் எட்டு வருஷம். சேர்ந்த அன்றைக்கு என்ன பதவியோ, இன்றைக்கும் அதே பதவி.

இந்த முறை அந்தப் பகுதியின் சூப்பர்வைசர் இடம் காலியானது; றெஜினாவும் விண்ணப்பித்தார். இதுவும் தவறினால் அடுத்தது எப்போது? முன்பிருந்தவர் பென்ஷன் போகும்வரை அந்தக் கதிரையை விட்டு எழும்பவேயில்லை.

கம்ப்யூட்டர் பழுதானால் முதலில் முறைப்பாடு பதியவேண்டும் — அது விதி. பதிந்தால் ஓர் இலக்கம் விழும். திருத்தியவர் பெயர் அதில் ஏறும்.

யார் பதிகிறார்கள்? கந்தோருக்குள் தெரிந்தவர் ஒருவர் இருந்துவிட்டால் எங்கள் ஆட்கள் படிவத்தைத் தொடவே மாட்டார்கள். ஸ்டேஷன் மாஸ்டர்கள், டிக்கெட் கவுண்டரில் இருப்பவர்கள், எல்லாரும் றெஜினாவின் போனுக்குத்தான் எடுப்பார்கள். "பிள்ளை, இது வேலை செய்யேல்லை, ஒருக்காப் பாரும்." சோற்றுப் பார்சலை மூடிவைத்துவிட்டு அவர் பார்ப்பார். கவுண்டரில் சனம் வரிசையில் நிற்கும்போது, முதலில் பதியுங்கள் என்று சொல்ல அவருக்கு வாய் வராது.

அப்படி அதிகம் எடுத்தவர் யார் என்று கேட்கிறீர்களா? பொறுங்கள்... சொல்கிறேன்.

நேர்முகத்தில், தலைமை அலுவலகத்திலிருந்து வந்த குழுத் தலைவர் ஒரு தாளைப் பார்த்தார். றெஜினாவின் பெயரில் பதிவான வேலைகள் ஒரு பக்கம்கூட இல்லை. மற்றப் போட்டியாளருடையது ஒரு கட்டு. மிச்ச நேரம் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

"பதியாத வேலைதான் கனக்க, சேர்."

அதற்கு ஆதாரம் கேட்டார் தலைவர். றெஜினா ஒரு தரம் — ஒரே ஒரு தரம் — என்னைப் பார்த்தார்.

நான் மேசையில் இருந்த தண்ணீர்க் கிளாஸைப் பார்த்தேன்.

ஏனென்றால், அவருக்கு அதிகம் போன் எடுத்தவன் நான்தான். பதியாமல் எந்தக் கம்ப்யூட்டரையும் திருத்தக்கூடாது என்ற சுற்றறிக்கையில் இருக்கும் கையெழுத்தும் என்னுடையதுதான். வாயைத் திறந்தால் மாட்டுப்படுவேன். திறக்கவில்லை, மாட்டுப்படவுமில்லை. என்ன கெட்டித்தனம்!

பின்னேரம் ஊர்காவற்றுறை பஸ்ஸில் அவர் யன்னலோரம் இருந்தார். மண்டைதீவு தாண்டும் மட்டும் எனக்கு எழும்பிப் போகத் துணிவு வரவில்லை. பிறகு பக்கத்தில் போய் இருந்து, உமக்காக நான் கதைத்திருக்க வேண்டும், எனக்கு வெட்கமாக இருக்கிறது என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"எனக்கு வேலை குறைவெண்டு அவர் நினைச்சது நோகேல்லை, அண்ணை. அவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்தானே."

நாரந்தனையில் நான் இறங்கிக்கொண்டேன்.

மறுநாள் தலைவருக்குக் கடிதம் எழுதினேன். என் போனில் இருந்த அழைப்புகளைப் படமெடுத்து இணைத்து, சுற்றறிக்கையை மீறியவன் நான்தான் என்று கையெழுத்தும் வைத்தேன். ஏழு ஸ்டேஷன் மாஸ்டர்களிடம் கேட்டேன். நாலு பேர் எழுதித் தந்தார்கள். மற்ற மூன்று பேரை நான் குறை சொல்ல ஏலாது... செவ்வாய்க்கிழமை நானும் அவர்களில் ஒருவன்தான்.

முடிவு இன்னும் வரவில்லை. ஒருவர் கெட்டிக்காரராக இருந்தால் தானாக மேலே போய்விடுவார் என்று இத்தனை காலமும் நம்பியிருந்தேன். அவர் கெட்டிக்காரர் என்று அறிந்தவர்கள் அதைச் சொல்லவும் வேண்டும்.

நேற்றுக் காலை என் கம்ப்யூட்டர் அசையாமல் நின்றுவிட்டது. பழக்கத்தில் கை போனுக்குப் போனது. வைத்துவிட்டு, பக்கத்து மேசைக் கம்ப்யூட்டரில் முறைப்பாடு பதியப் போனேன். ஒருநாளும் அதற்குள் போகாதவனுக்குப் பாஸ்வேர்ட் எங்கே ஞாபகம்?

அதை மாற்றித் தரவேண்டியவரும் றெஜினாதான்.