உறை போட்ட வெயில்

ஒரு மடிப்பை முழங்காலால் அமுக்கி, இன்னொன்றை மோவாயால் பிடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் மூன்றாவது மடிப்பை மடக்கப் போராடிக்கொண்டிருக்கிறார் டிரைவர். மொட்டைமாடியில் லீவு நாள் மாலைதோறும் நடக்கும் காட்சி இது. நாலு இலை கொண்ட மடிப்பு சோலார் பேனல். விரிக்கும்போது மடமடவென்று விரிந்துகொள்கிறது. மடக்கத்தான் அதற்கு மனசு வருவதில்லை. மூன்று இலை ஒழுங்காக மடங்கும். நாலாவது இலை நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். அதைப் போட்டு வைக்கும் பையோ, தைத்தவர் யார் மேலோ இருந்த கோபத்தில் தைத்ததுபோல ஒரு விரற்கடை சின்னது.

"ரிவர்ஸ்ல போனாத்தான் உள்ள போவும்போல," என்று சொல்லிக்கொண்டு பேனலைத் தலைகீழாகப் பிடிக்கிறார். அப்படியும் போகவில்லை. கடைசியில் பேனல் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக, கதவு சாத்தாத பஸ் மாதிரி, படியிறங்கிப் போகிறது.

பஸ் என்று சும்மா சொல்லவில்லை. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். அவருக்கு உலகத்தில் இருப்பதெல்லாம் வண்டி. மிக்ஸி ஓடாவிட்டால் "ஸ்டார்ட் எடுக்கல." வயிறு சரியில்லை என்றால் "இன்ஜின் சூடாயிருக்கு." மனைவி பாத்திரத்தை ணங்கென்று வைத்தால், "கியர் மாறுது, நம்ம ஓரமா ஒதுங்கிக்கலாம்." எந்தப் பொருளை வாங்கப் போனாலும் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கால் நுனியால் மெதுவாக ஓர் உதை கொடுப்பார். டயரில் காற்றுப் பார்க்கிற பழக்கம். சோபாவை உதைத்திருக்கிறார், அலமாரியை உதைத்திருக்கிறார். ஒருமுறை பழக்கடையில் தர்பூசணியை உதைத்தார். கடைக்காரர் அதை எடை போட்டு அவர் கையில் கொடுத்துவிட்டார்.

ஹாரன் மட்டும் அடிக்க மாட்டார். பிள்ளைகள் பயந்துபோகும் என்பார்.

அவருக்கு ஒரு கோளாறு உண்டு. தூக்கத்தில் குறட்டை விடுவார். எதிர்வீட்டுக்காரர் ஒரு நாள் கதவைத் தட்டி, தண்ணீர் மோட்டாரை அணைக்க மறந்துவிட்டீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். சத்தம்கூடப் பெரிய சங்கதி இல்லை. நடுநடுவே மூச்சு நின்று நின்று வருவதுதான் சங்கதி. அப்படித் தூங்குகிறவருக்கு மறுநாள் பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொருகும். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறவருக்குக் கண் சொருகக் கூடாது. அதனால் டாக்டர் அம்மா ஒரு மிஷின் எழுதிக் கொடுத்திருக்கிறார். படுக்கும்போது மூக்கை மூடி ஒரு மாஸ்க், அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் மறுமுனையில் காற்றை அனுப்பும் மிஷின். பகலில் கண்ணயர்ந்தாலும் அது வேண்டும். ஒரு ராத்திரி மாட்டாவிட்டால் மறுநாள் ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது. இந்த விஷயத்தில் டிரைவரைக் குறை சொல்ல இடமில்லை. காலையில் பல் தேய்த்த கையோடு மாஸ்க்கைச் சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துகிறார். இதைச் சொல்லாமலே செய்கிற நோயாளி அபூர்வம்.

மிஷினுக்குக் கரண்டு வேண்டும். இங்கேதான் தொல்லை ஆரம்பம்.

மனைவியின் அக்காவும் அவள் கணவரும் வருஷம் ஒருமுறை ஏரிக்கரைக் காட்டில் கூடாரம் போட்டு இரண்டு ராத்திரி தங்குவார்கள். அங்கே கரண்டும் கிடையாது, ஜெனரேட்டர் வைக்க அனுமதியும் கிடையாது. முன்பெல்லாம் இவர்களும் கூடப் போவார்கள்; மிஷின் வந்ததிலிருந்து டிரைவர் போவதில்லை. அவருக்காக மனைவியும் போவதில்லை. போன வருஷம் அக்கா போன் செய்தபோது அவள், "அடுத்த வருஷம் இவர் வந்தாலும் சரி, வராட்டியும் சரி, நான் வரேன்," என்று சொல்லிவிட்டாள். டிரைவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

சகலையின் காரில் பின்சீட்டில் தன் மனைவி ஏறிப் போக, தான் வாசலில் நின்று டாட்டா காட்டும் காட்சி அவர் கண்முன் வந்தது. அதிலும் சகலைக்கு காரை ஒழுங்காக ரிவர்ஸ் எடுக்கத் தெரியாது. அதையும் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும்.

ஆகவே சோலார் பேனல். கடைக்குப் போனார், ஒரு சுற்றுச் சுற்றினார், உதைத்தார்.

"அண்ணே, அதக் காலால தள்ளாதீங்க," என்றார் கடைக்காரர். "உங்க மிஷினு எவ்வளவு கரண்டு இழுக்கும்?"

"முப்பது, நாப்பது வாட்டு. காத்த ஈரமாக்கத் தண்ணிய சூடு பண்ற பாகத்த நிப்பாட்டிட்டா இன்னும் கம்மின்னு டாக்டரம்மா சொன்னாங்க."

"சரி. பேனல் நேரா மிஷின ஓட்டாது. பகல்ல அது இந்த பேட்டரிப் பெட்டிய நிரப்பும். ராத்திரி பெட்டிதான் மிஷின ஓட்டும்."

"அதாவது, இது பெட்ரோல் பங்க்கு, அது டேங்க்கு."

"அப்படியே வெச்சுக்குங்க."

பெட்டியை வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு போனால் முதல் ராத்திரிக்குப் போதும். இரண்டாம் ராத்திரிக்கு நடுவில் வரும் பகல் வெயில்தான் கதி. மனைவி அதையே நிபந்தனையாக்கினாள். "ஒரு பகல்ல பெட்டி நிரம்புதான்னு இங்கயே காட்டுங்க. நிரம்பினா வாங்க. இல்லன்னா வீட்டுல இருங்க, நான் போயிட்டு வரேன்."

முதலில் வாங்கியது இரண்டு இலை பேனல். விலை கொஞ்சம், எடை கொஞ்சம், கரண்டும் கொஞ்சம். நாள் முழுக்க வெயில் குடித்துவிட்டு, செல்போனை மட்டும்தான் நிரப்பியது. "சைக்கிள வெச்சு லாரிய இழுக்கச் சொன்னா எப்படி," என்று டிரைவரே ஒப்புக்கொண்டு மாற்றினார்.

இரண்டாவது ஆறு இலை. விரித்தால் கட்டில் அளவு. கரண்டு நன்றாக வந்தது, காற்றும் நன்றாக வந்தது. தாங்கியில் நிறுத்திவிட்டுத் திரும்புவதற்குள் பேனல் எழுந்து, மாடிச் சுவரைத் தாண்டி, தெருவில் இறங்கி, மூலையில் இருக்கும் முடிதிருத்தும் கடை வரைக்கும் போயிற்று. டிரைவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினார். நாற்காலியில் பாதி முகத்தில் நுரையோடு இருந்தவர்தான் அதைப் பிடித்துக் கொடுத்தார். தூக்கிக்கொண்டு காட்டில் நடக்கவும் அது கனம். அதையும் மாற்றினார்.

மூன்றாவதுதான் இந்த நாலு இலை. அளவும் சரி, கனமும் சரி, கரண்டும் சரி. பெட்டியில் இருக்கும் சின்னத் திரையில், உள்ளே வரும் வாட்டு எழுபத்தைந்து, எண்பது என்று எண்ணாக ஓடியது. நாலு மூலையிலும் இருந்த வளையத்தில் கயிறு போட்டுக் கட்டிவிட்டு, சாப்பிட்டு, மிஷினை மாட்டிக்கொண்டு மத்தியானத் தூக்கம் போட்டார். டீ நேரத்துக்கு மேலே போய்ப் பார்த்தால், பெட்டி கால்வாசிகூட நிரம்பவில்லை. அடுத்த லீவு நாளிலும் அதே கதை. அதற்கடுத்த லீவிலும் அதேதான்.

பேனலைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்காரர் வாசலில் விரித்துக் காட்டினார். எண்பது.

"நல்லாத்தானே ஓடுது அண்ணே."

"இங்க ஓடும். ஆள் பாத்தா ஓடும். ஆள் நவுந்தா நின்னுடுது."

"ஆள் இருக்கறது பேனலுக்கு எப்படித் தெரியும்?"

"அத நீங்கதான் சொல்லணும். வித்தது நீங்க."

டிரைவருக்கு இதில் சந்தேகமே இல்லை. அவர் பஸ்ஸில் வரும் பிள்ளைகளும் அப்படித்தான். கண்ணாடியில் அவர் கண் தெரிகிறவரை கைகட்டி உட்கார்ந்திருக்கும். கண் ரோட்டுக்குத் திரும்பினால் பை பறக்கும். கடைக்காரர், "இதுக்கு மேல மாத்த முடியாது அண்ணே. வேணும்னா நீங்க அத ஒரு நாள் மறைஞ்சு நின்னு பாருங்க," என்று கேலியாகத்தான் சொன்னார். டிரைவர் அதை நல்ல யோசனை என்று எடுத்துக்கொண்டார்.

ஏரிக்குக் கிளம்ப வேண்டிய வாரத்தில் கடைசி லீவு. வழக்கம்போலப் பேனலை விரித்துக் கட்டினார். வழக்கம்போலச் சாப்பிட்டார். படுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, பூனைபோல மாடியேறி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குடையோடு உட்கார்ந்தார். கால் மரத்தது. கொட்டாவி வந்தது. பேனல் அசையாமல் வேலை செய்தது.

பிறகு படியில் செருப்புச் சத்தம்.

மனைவியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவள் திரைச்சீலையும் சோபா உறையும் தைத்துக் கொடுக்கிறவள். அந்த வீட்டில் உறையில்லாத பொருள் கிடையாது. மிக்ஸிக்கு உறை, டி.வி. ரிமோட்டுக்கு உறை, தையல் மிஷினுக்கு உறை, அந்த உறை அழுக்காகாமல் இருக்க அதற்கு மேலே ஒரு பழைய துண்டு. மூச்சுவிடும் மிஷினுக்குக்கூடத் தைத்திருந்தாள். காற்று போகிற இடத்தை மூடாதே என்று டாக்டர் அம்மா அதட்டியதால் அந்த ஒன்று மட்டும் நின்றது. வெயில் என்றால் அவளுக்கு அது துணியின் எதிரி. எங்கே வெயில் விழுந்தாலும் முதலில் ஜன்னலை மூடுவாள், அப்புறம்தான் மற்ற பேச்சு.

கையில் நீலப்பூப் போட்ட ஒரு துணியோடு வந்தாள். பேனலில் படிந்த தூசியைத் துடைத்தாள். துணியை விரித்தாள். அளவெடுத்துத் தைத்த உறை. சுற்றிலும் எலாஸ்டிக், ஒயர் வெளியே வர ஓர் ஓட்டை, ஓட்டையைச் சுற்றி அழகாகக் காஜா. நாலு மூலையிலும் மாட்டி, நடுவில் சுருக்கமில்லாமல் தடவிவிட்டு, திருப்தியோடு திரும்பினாள்.

"என்ன பண்ற?" என்றார் டிரைவர், தொட்டிக்குப் பின்னாலிருந்து.

அவள் திடுக்கிடவில்லை. "நீங்க ஏன் தொட்டிக்குப் பின்னாடி குடையோட உக்காந்திருக்கீங்க?"

"நான் கேட்டதுக்கு பதில் சொல்லு."

"பேனல் தெச்சிருக்கறது நல்ல கறுப்புத் துணி. இந்த வெயில்ல ஒரு மாசம் கெடந்தா சாம்பல் நிறமாயிடும். நான் எத்தன சோபா பாத்திருக்கேன். வெயில் தாழ்ந்து, காயப்போட்ட துணிய எடுக்க வர்றப்ப ஒவ்வொரு தடவையும் கழட்டித்தானே வெக்கிறேன்."

"அத வாங்கினதே வெயில்ல கெடக்கத்தான்."

"கெடக்கட்டும், யார் வேணாம்னா? உறையோட கெடக்கட்டும்."

டிரைவர் பெட்டியை அவள் பக்கம் திருப்பி வைத்தார். திரையில் இரண்டு என்று இருந்தது. "ஒரு ஓரம் தூக்கு."

தூக்கினாள். எண் கொஞ்சம் ஏறியது. முழு உறையையும் உருவினாள். எழுபத்தெட்டு. மறுபடி போட்டாள். இரண்டு. மறுபடி எடுத்தாள். தன் நிழலை ஒரே ஒரு இலை மேல் விழவைத்துப் பார்த்தாள். அதற்கே எண் பாதிக்குமேல் சரிந்தது. தையல் நூலைப் பார்ப்பதுபோலக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இத்தன நாளா?"

"ஆமா."

"மூணு பேனல் மாத்தினீங்களே."

"ஆமா."

"மூணாவதுக்குத்தான் நான் பொறுப்பு," என்றாள். "ரெண்டாவது பறந்துபோச்சே, அதுக்கு உறை போட்டுக் கட்டியிருந்தா பறந்திருக்குமா?"

அன்று சாயங்காலம் பெட்டி நிரம்பியது. அவள் பேனலின் பையைப் பிரித்து, பக்கவாட்டில் நீலப்பூத் துணி கொடுத்து அகலமாக்கினாள். நாலாவது இலை நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டது. மறுநாள் டிரைவர் பள்ளிக்கூட பஸ்ஸோடு பேனல் கடையைத் தாண்டும்போது, ஹாரனை ஒரே ஒருமுறை சின்னதாக அழுத்தினார். பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. கடைக்காரர் கையைத் தூக்கினார்.

ஏரிக்கரையில் சகலை வரவேற்றதே பெட்டிப் பேச்சோடுதான். "வாங்க சகலை. நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள உங்க பெட்டி நிரம்பலன்னா சொல்லுங்க, நானே கார்ல கொண்டுபோய் பஸ் ஏத்தி விடறேன். இவங்க இருந்துட்டு வரட்டும்."

"உங்க ரிவர்ஸ நம்பி நான் ஏறமாட்டேன் சகலை," என்றார் டிரைவர். ஆனாலும் படுக்கப் போகுமுன் வானத்தை இரண்டு தடவை பார்த்தார்.

மறுநாள் காலையில் வெயில் சுள்ளென்று வந்தது. டிரைவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. கூடாரம் சின்னது. மாஸ்க்கும் தலையும் உள்ளே இருக்க, முழங்காலுக்குக் கீழே கால்கள் வெளியே கிடந்தன. மனைவியே பேனலை எடுத்து விரித்து, கயிறு கட்டி, பெட்டியில் ஒயரைச் செருகினாள். எண்பது. அடுப்புப் பக்கம் போய்விட்டு வருவதற்குள், ஏரியில் குளித்துவிட்டு வந்த சகலை தன் ஈரத் துண்டை அதன்மேல் அகலமாக விரித்துப் போட்டிருந்தார்.

"அத்தான், துண்ட எடுங்க."

"காயட்டும்மா. நல்ல சூடா இருக்கு."

"எடுங்கன்னு சொல்றேன். அது மேல வெயில் படணும்." எடுக்கக் காத்திராமல் அவளே உருவி அவர் தோளில் போட்டாள். அக்கா டீயைக் கீழே வைத்துவிட்டுத் தங்கையை ஏற இறங்கப் பார்த்தாள். வெயில் படணும் என்று இவள் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை.

"ஒண்ணு தெரிஞ்சுபோச்சுடி," என்றாள் அக்கா. "ராத்திரி உன் வீட்டுக்காரர் சத்தமே இல்ல. இத்தன வருஷம் குறட்டை விட்டது எங்க வீட்டுக்காரரும்தான். இவர் சத்தத்துல அது கேக்கல."

சகலை துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

மரத்தின் நிழல் மெல்ல நகர்ந்து பேனலின் ஓர் இலையைத் தொட்டது. அவள் கயிற்றை அவிழ்த்து, பேனலை நல்ல வெயிலுக்கு இழுத்துப்போய், மறுபடி கட்டினாள். எண்ணைப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து நீலப்பூ உறையை எடுத்தாள். பழக்கத்தில் அதையும் கொண்டுவந்திருந்தாள். கூடாரத்துக்கு வெளியே கிடந்த புருஷன் கால்களில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. குனிந்து, அந்த உறையை இரண்டு பாதங்களுக்கும் சேர்த்து மாட்டி, எலாஸ்டிக்கை முழங்கால்வரை இழுத்துவிட்டு, நடுவில் சுருக்கமில்லாமல் ஒருமுறை தடவிக் கொடுத்தாள்.