உப்புத் தண்ணி மேல் போட்ட பழி

அருப்புக்கோட்டையில் எங்கள் கடை முதலில் பாத்திரக்கடை. பேண்டு செட்டுக்காரர்கள் அடிக்கடி வந்து விசாரித்ததால் டிரம்பெட்டும் டிரம்ஸும் வாங்கி வைக்க ஆரம்பித்தேன். வடக்கே இருந்து வந்த டிரம்பெட் கனமாக இருக்கும், விலையும் அதிகம். சீனாவில் இருந்து நேரடியாக எடுத்தால் பாதிக்கும் கீழே முடியும் என்று மதுரை வியாபாரி ஒருவர் சொன்னார். அவரோடு சேர்ந்து நானும் அங்கே ஒரு டிரம்பெட் தொழிற்சாலைக்குப் போனேன்.

அந்தத் தொழிற்சாலையை ஒரு பெண் நடத்தினார். நான் விலையைக் குறைக்கக் குறைக்க, அவர் செய்முறையில் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தார். தகடு மெலிந்தது. அப்புறம் ஒரு மேசைக்குக் கூட்டிப்போனார். நான்கு பேர், ஊதும்போது விரலால் அழுத்துகிற வால்வுகளைக் கையால் உரசி, குழாய்க்குள் வழுக்கிப் போகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் கேட்கிற விலைக்கு இந்த உரசும் வேலையைச் செய்ய முடியாது, செய்யாவிட்டால் வால்வு சிக்கும் என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் சொன்னார். எங்கள் ஊரில் பளபளப்பாக இருந்தால் போதும் என்றேன். மொழிபெயர்ப்பாளர் அதைச் சொன்னபோது, மேசையில் இருந்தவர்கள் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

சரக்கு வந்து இறங்கியதும் திருச்சுழிப் பக்கத்து ஆள் ஒருவர் மூன்று டிரம்பெட் வாங்கினார். மழை பெய்தால் விவசாயம், மற்ற நாளில் பேண்டு. இரண்டு மாதம் கழித்து ஒன்றைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். ஒரு காதுகுத்து வீட்டில் தாய்மாமன் சீர் ஊர்வலம் பாதி வந்தபோது நடு வால்வு கீழே போய் அப்படியே நின்றுவிட்டதாம். சீர்த்தட்டு தூக்கியவர்கள் நின்று திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். யாரோ சிரித்திருக்கிறார்கள்.

"நான் ஏதும் தப்பாப் புடிச்சிட்டேனா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

எண்ணெய் விட்டீர்களா என்றேன். விட்டேன் என்றவர், கொஞ்சம் யோசித்து அவரே ஒரு காரணம் கண்டுபிடித்தார்.

"எங்க ஊரு போர்த் தண்ணி உப்பு அண்ணாச்சி. அதுலதான் கழுவுனேன். அதான் புடிச்சிருச்சு போல."

"அதேதான்," என்றேன்.

எனக்கு ஒரு நொடிகூடத் தயக்கம் வரவில்லை. வால்வைத் துடைத்து, எண்ணெய் விட்டுக் கொடுத்தேன். சிரமம் கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

பிறகு ஒரு பத்திர வேலையாகத் திருச்சுழிக்குப் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் அவர் இரண்டு குடிதண்ணீர் கேன்களோடு நின்றிருந்தார். வீட்டில் விசேஷமா என்று கேட்டேன்.

"இல்ல அண்ணாச்சி, டிரம்பெட்டு கழுவத்தான். குடிக்கிறதுக்கு நாங்க போர்த் தண்ணியே குடிச்சுக்கிருவோம். ஆனாலும் இன்னும் சிக்குது. மத்த ரெண்டும் அப்படித்தான்."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தண்ணீர் மேல் தப்பில்லை, நான்தான் வால்வை உரசாமல் விடச் சொன்னேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது வேறு. மூன்றையும் கடைக்குக் கொண்டு வாங்க, கம்பெனியில் மாற்றித் தருகிறார்கள் என்றேன். அப்படி எந்தக் கம்பெனியும் சொல்லவில்லை.

கடையில் மீதமிருந்த வடக்கத்திச் சரக்கில் மூன்றை எடுத்துக் கொடுத்தேன். அவர் வால்வை அழுத்தி அழுத்திப் பார்த்துச் சிரித்தார். அன்றிலிருந்து அந்தப் பக்கத்து பேண்டுகாரர்களிடம், விற்றுக் கையை விட்டுப் போன பொருளையும் அண்ணாச்சி மாற்றித் தருவார் என்று சொல்லி அனுப்புகிறார். வருகிறவர்கள் அதைச் சொல்லும்போது நான் பில் புத்தகத்தைத் தேடுவதுபோலக் குனிந்துகொள்வேன்.

மிச்சமிருந்த சீனத்து டிரம்பெட்டுகளை மதுரையில் ஒரு கடைக்கு மொத்தமாகத் தள்ளிவிட்டேன். அந்தக் கடைக்காரர், வால்வு எப்படி என்று கேட்டார். எண்ணெய் விட்டால் நன்றாக ஓடும் என்றேன்.