கோல்கீப்பருக்குப் பெண் கொடுத்த கதை

போன செவ்வாய்க்கிழமை காலை பிடோக் மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. புக்கிட் பாத்தோக்கிலிருந்து என் நண்பன் முத்துக்கருப்பனின் மகள் கயல்விழி. "மாமா, அப்பா போயிட்டாங்க. தூக்கத்துலயே" என்றாள். அவளே தொடர்ந்தாள்: "நேத்துகூட டிவில மேட்ச் பார்த்து, கோல்கீப்பரத் திட்டிட்டுத்தான் படுத்தாங்க மாமா." மீன்காரர் முன்னால் நின்றுகொண்டு ஒரே நேரத்தில் அழவும் சிரிக்கவும் செய்தேன்.

அவனைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன், கை மறுக்கிறது. பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். அவனைவிடப் பெரியவர்கள் இன்னும் எத்தனை பேர் இருக்கிறீர்களோ, அதுவும் தெரியவில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் அவன் துறைமுகத்தில் சரக்கு சரிபார்க்கும் கிளார்க். கப்பலில் ஏறும்போதே மாலுமிகளிடம், "ஞாயிற்றுக்கிழமை பந்து விளையாட வர்றீங்களா?" என்று கேட்டு மேட்ச் பேசிவிடுவான். செராங்கூன் ரோட்டுப் பையன்கள் நாங்கள் பதினொரு பேர் ஃபேரர் பார்க் திடலில் காத்திருப்போம். நான் பின்வரிசையில் தடுக்கும் பேக், அவன் கோல்கீப்பர். ஓட முடியாதவனைத்தான் கோலில் நிறுத்துவது அன்றைய வழக்கம். இவன் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு நின்றான். "உங்களுக்கெல்லாம் அடுத்தவன் முதுகுதான் தெரியும். எனக்குத்தான் முழு ஆட்டமும் தெரியும்லா" என்பான்.

ஒரு மேட்சில் விரல் பிசகி மருத்துவமனைக்குப் போனவன், கட்டுப் போட்ட தாதி புவனேஸ்வரியைப் பற்றியே பேசிக்கொண்டு திரும்பினான். ஒரு வருடத்தில் இருவரும் கல்யாணம் என்று முடிவு செய்துவிட்டார்கள். அவள் அப்பா நவரத்தினம் அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் கிளார்க், யாழ்ப்பாணத்துக்காரர். இவன் புதுக்கோட்டைப் பக்கம். உண்மையான தடை அதுதான் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் வாய்விட்டுச் சொன்ன காரணம் வேறு. இளவயதில் அவர் முன்னால் ஓடிக் கோல் போடும் பேர்பெற்ற ஃபார்வர்டாம். "ஓடுறவனுக்கெண்டாலும் குடுக்கலாம். சும்மா நிக்கிறவனுக்கு என்ர பிள்ளையைக் குடுப்பனோ?" என்றுவிட்டார்.

வேறு எவனாக இருந்தாலும் கோபப்பட்டிருப்பான், அல்லது பெண்ணை அழைத்துக்கொண்டு பாலம் தாண்டி ஜொகூருக்கு ஓடியிருப்பான். அப்பா சம்மதிக்காமல் வரமாட்டேன் என்று புவனா சொல்லியிருந்தாள். இவன் அந்தச் 'சும்மா நிக்கிறவன்' என்ற பேச்சைப் பிடித்துக்கொண்டான். மேட்ச் முடிந்ததும் திடலைக் கடந்து எதிர்க் கோல்கீப்பரிடம் போவான். "உங்க ஊர்ல உன்ன என்னன்னு கூப்பிடுவாங்க? அந்த வார்த்தைக்கு வேற என்ன அர்த்தம்?" தனக்குத் தெரிந்த இங்கிலீஷிலும் மீதியைக் கையாலும் கேட்பான்.

இத்தாலிக்காரன் 'போர்த்தியேரே' என்றான். ஓட்டல் வாசலில் கதவு திறந்து விடுகிறவனுக்கும் அதே பெயர்தானாம். குனிந்து கும்பிட்டு நடித்தே காட்டினான். ஸ்பெயின்காரன் சொன்ன 'போர்தேரோ'வும் வாயிற்காவலன்தான். ஜெர்மன்காரன் மணலில் கோட்டை வாசல் ஒன்றை வரைந்து, 'தோர்' என்றால் இதுவும் கோலும் ஒன்றே, நான் 'தோர்வார்ட்', வாசலைப் பார்த்துக்கொள்கிறவன் என்றான். பிரெஞ்சுக்காரனுக்கு அவன் குறியிலக்கைக் காக்கிறவன். டச்சுக்காரன் மட்டும் 'கீப்பர்' என்று சொல்ல, "இவனும் இங்கிலீஷையே சொல்றான்லா" என்று இவன் முகம் தொங்கிப்போயிற்று. எல்லாவற்றையும் சரக்குச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்தான்.

சீட்டை எடுத்துக்கொண்டு ஒரு நாள் சாயங்காலம் என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு நவரத்தினம் வீட்டுக்குப் போனான். நின்றபடியே வாசித்தான். ஐரோப்பாவில் பாதி நாடுகளில் தான் வாயிற்காவலன் என்றும், வாசலில் நிற்பது சும்மா நிற்பதாகாது என்றும் முடித்தான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, எங்கட கோயில் வாசலிலையும்தான் ரெண்டு துவாரபாலகர் நிக்கினம். அவைக்கு ஆரும் பெண் குடுத்தவையோ?"

அடுப்படியில் புவனா சிரித்துவிட்டாள். நானும் சிரித்துவிட்டேன், துரோகி. நாங்கள் கிளம்பியபோது, "இரும், இரும். அது கிடக்கட்டும், கோல் எண்டால் என்னெண்டு தெரியுமோ?" என்று உள்ளே போய்த் தடித்த அகராதி ஒன்றைக் கொண்டுவந்தார். மூலம் தெளிவாகத் தெரியவில்லை, இடைக்கால இங்கிலீஷில் எல்லை என்ற பொருளில் ஒரு சொல் உண்டு என்று அதில் போட்டிருந்தது. பெண் கிடைக்கவில்லை. ஆனால் மனிதருக்குச் சொல் பைத்தியம் பிடித்துவிட்டது. அடுத்த கிரேக்கக் கப்பல் வந்தால் சொல்லியனுப்பச் சொன்னார்.

கிரேக்கக் கப்பல் வந்தது. இஸ்திரி போட்ட வெள்ளைக் கால்சட்டையும் அகராதியுமாக நவரத்தினம் திடலுக்கு வந்தார். 'தெர்மத்தோஃபிலக்கஸ்' என்று அவர்களுடைய கோல்கீப்பர் சொன்னான். 'தெர்மா' என்றால் முடிவு. முடிவைக் காக்கிறவன். அவர் அதை ரசித்து ரசித்து எழுதிக்கொண்டார். ஆனால் அந்த ஆளுக்குக் காய்ச்சல், விளையாட முடியாது. பத்துப் பேரோடு எப்படி ஆடுவது என்று அவர்கள் தயங்கியபோது முத்துக்கருப்பன் வாயைத் திறந்தான். "ஐயா சும்மா நின்னா போதும்."

வீம்புக்காரர், நின்றுவிட்டார். முதல் பந்து அவர் காலிடுக்கில் போயிற்று. இரண்டாவது நான் அடித்தது. பேக் ஆடுகிற நான் வாழ்நாளில் போட்ட ஒரே கோல், என் நண்பனின் மாமனார் ஆகப்போகிறவருக்கு எதிராக. மூன்றாவதற்கு விழுந்தே பார்த்தார், வெள்ளைக் கால்சட்டை செம்மண்ணாயிற்று. அதன்பிறகு ஒன்றை நெஞ்சில் வாங்கித் தடுத்தபோது கிரேக்கர்கள் அவரைத் தூக்கிச் சுற்றினார்கள். அன்று சிரித்த சிரிப்பில் எனக்கு இரண்டு நாள் வயிறு வலித்தது.

பிறகு கோப்பிக் கடையில் முழங்காலில் ஐஸ் வைத்துக்கொண்டு அவர் கால்சட்டையின் செம்மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். கடைசியில், "அங்கை நிண்டு பார்த்தால்தான் தெரியுது. பின்னாலை ஆருமில்லை" என்றார். பிறகு முத்துக்கருப்பனைப் பார்த்து, "வாற கிழமை உம்மட ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாரும்" என்றார். அவன் கோப்பியைக் கொட்டிவிட்டான். தையில் கல்யாணம் நடந்தது.

பல வருடங்கள் கழித்து நான் கேட்டேன். "டேய், நீ யாழ்ப்பாணம் இல்லங்கறதுதான் காரணம்னு உனக்குத் தெரியாதா? எதுக்குடா கப்பல் கப்பலா அலைஞ்ச?"

"தெரியாம என்ன? அதுக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும், திரும்பப் போய்ப் பொறந்துட்டா வர முடியும்? அவர் சொன்ன காரணத்துக்குப் பதில் தேடினேன். சொல்லாதத அவரே மரியாதையா கீழ போட்டுட்டுப் போகட்டும்னு விட்டேன்."

நவரத்தினம் தம் கடைசி ஐந்து வருடங்களை மகன்கள் வீட்டில் கழிக்கவில்லை, அவன் வீட்டில்தான் இருந்தார். அந்த ஊர்க் காரணத்தை இருவரும் ஒரு முறைகூட வாயெடுத்துச் சொன்னதில்லை என்று, கடைசியாக அவன் முகம் பார்க்கப் போனபோது புவனா என்னிடம் சொன்னாள்.

எனக்கு அவனிடமிருந்து மிச்சம் இதுதான். யாராவது என்னிடம் வீம்பு பிடித்தால், அவர் சொல்வதற்கு மட்டும் பதில் சொல்கிறேன், சொல்லாததைத் தோண்டுவதில்லை. என் மகனோடு நான்கு வருடமாக நின்றுபோயிருந்த பேச்சு அப்படித்தான் போன தீபாவளிக்குத் திரும்ப வந்தது. அதை முத்துக்கருப்பனிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தேன்.